வன்னிச் சிவப்பரிசியில் ஆசனிக்கின் வடிவங்கள்: மயிர்த்துளை மின்பெயர்ச்சியைத் திணிவு நிறமாலைமானியோடு இணைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வன்னியின் குளம் ஒன்றின் கீழ் நெல் செய்யும் விவசாயிகளிடம் நெல்லை வாங்கி, அவித்து, தவிடு முற்றாக நீங்காத சிவப்புப் புழுங்கலரிசியாக்கி விற்கும் ஓர் ஆலையில் இந்நிகழ்வு தொடங்கியது. அந்த ஆலையின் அரிசியில் ஒரு பகுதி ஐரோப்பாவிலுள்ள தமிழ்க் கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரும்போக நெல்லில் இருந்து ஆக்கி அனுப்பிய ஒரு தொகுதியை, அதில் ஆசனிக் என்ற நச்சு மூலகம் கூடுதலாக உள்ளது என்று கூறி, கொள்வனவாளர் நிறுத்திவைத்தார். அவர் இணைத்திருந்த ஆய்வுகூட அறிக்கையில் இருந்தது ஒரேயொரு எண். அது மொத்த ஆசனிக்கின் அளவு. ஒரு கிலோகிராமுக்கு 0.25 மில்லிகிராம் என்ற எல்லையை அது சற்றே தாண்டியிருந்தது.

அறிக்கையின் சிக்கல் அந்த எண்ணில் இல்லை. அதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதிலேயே இருந்தது. உமி மட்டும் நீக்கிய அரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள 0.25 என்ற எல்லை அசேதன (காபன் இணையாத) ஆசனிக்குக்கு உரியது. மொத்த ஆசனிக்குக்கு உரியதன்று. சர்வதேச உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பும் 2014 இல் தீட்டிய அரிசிக்கு 0.2 எனவும், 2016 இல் உமி நீக்கிய அரிசிக்கு 0.35 எனவும் எல்லைகளை வகுத்தபோது அசேதன ஆசனிக்கையே கருத்தில் கொண்டது. அரிசியில் இருக்கும் ஆசனிக் ஒரே வடிவில் இருப்பதில்லை. மூவலு ஆசனைற்றும் ஐவலு ஆசனேற்றும் அசேதன வடிவங்கள். மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என உறுதியாக வகைப்படுத்தப்பட்டவை. இவற்றோடு டைமெதில் ஆசனிக் அமிலமும் சிறிதளவில் மொனோமெதில் ஆசனிக் அமிலமும் இருக்கின்றன. பின்னிரண்டும் தீங்கற்றவை என்று சொல்லிவிட முடியாது. அவை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற கீழ்நிலை வகைக்குள் வருகின்றன. ஆயினும் சட்ட எல்லைக்கான கணக்கில் அவை சேர்வதில்லை.

ஆலைக்காரர் எமது இரசாயனப் பிரிவுக்கு வந்தபோது அரிசியை நியாயப்படுத்தும் ஒரு கடிதத்தைக் கேட்கவில்லை. "தண்ணியிலயோ வயல்லயோ, எங்க பிழை எண்டு தெரிஞ்சாத்தானே சேர் நாங்கள் திருத்தலாம்" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியே பின்வந்த வேலையின் போக்கைத் தீர்மானித்தது. வவுனியாவின் சில பகுதிகளும் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் பிரதேசத்துக்குள் அடங்குவதாலும், 2011 அளவில் அந்நோயோடு ஆசனிக்கைத் தொடர்புபடுத்திப் பெரும் விவாதம் எழுந்ததாலும், இந்தச் சொல்லைக் கேட்டாலே எமது மக்கள் அஞ்சுகிறார்கள். ஆகவே அரைகுறையான விடையொன்றைக் கொடுப்பது சரியாகாது என்று கருதினோம்.

ஆலையிலும் வயலிலும் கண்டவை

நெல்லை ஊறவைக்கும் சீமெந்துத் தொட்டிகளுக்குக் குழாய்க்கிணற்று நீரே பாய்ந்தது. இறைத்தவுடன் பளிங்கு போலத் தெளிவாக இருந்த நீர், வாளியில் நின்று சிறிது நேரத்தில் மங்கி, மறுநாட் காலையில் அடியில் செங்காவி நிற மண்டியாகப் படிந்தது. நிலத்தடியில் ஒட்சிசன் இல்லாத நிலையில் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் ஒட்சியேறி ஐதரொட்சைட்டாக வீழ்வதே இதற்குக் காரணம். இரும்பைப் பற்றிய இந்தக் கவனிப்பு பின்னர் மிகவும் பயன்பட்டது. ஏனெனில் அவ்வாறு வீழும் இரும்பு, ஆசனேற்றையும் தன்னோடு பற்றிக்கொண்டு வீழ்கிறது.

வயல்களில் ஒன்று தாழ்வான காணி. பெரும்போகம் முழுவதும் அங்கே நீர் வடிவதில்லை. அந்தக் காணியில் கதிர்கள் சாயாமல் நிமிர்ந்து நிற்பதையும், மணிகள் சப்பியாகப் போவதையும் அதைச் செய்யும் பெரியவர் தாமாகவே எமக்குச் சொன்னார். நெற்பயிர் தானாக ஆசனிக்கோடு மெதில் கூட்டங்களைச் சேர்ப்பதில்லை. நீர் தேங்கிய மண்ணில் வாழும் நுண்ணுயிர்களே அதைச் செய்ய, வேர் அதை உறிஞ்சுகிறது. மணிக்குள் டைமெதில் ஆசனிக் மிகும்போது கதிர் நிமிர்ந்து சப்பியாகும் கோளாறு ஏற்படுவதும் நெல் ஆய்வாளர் அறிந்த ஒன்று. அந்தக் காணியின் நெல்லை மற்றவற்றோடு கலக்காமல் தனி மாதிரியாக எடுத்ததற்கு அந்தப் பெரியவரின் பேச்சே காரணம்.

மாதிரிகளை எடுத்த விதம்

உலர்ந்த மணியில் ஆசனிக்கின் வடிவங்கள் எளிதில் மாறுவதில்லை. ஆகையால் நெல்லையும் அரிசியையும் உலர்த்திக் கடதாசி உறைகளில் வைத்தால் போதுமானதாக இருந்தது. ஒரே தொகுதியிலிருந்து அவிக்காத நெல்லின் உமியை நீக்கிய அரிசி, அவித்த அரிசி ஆகிய இரண்டையும் எடுத்தோம்; ஊறல் நீரில் இருந்து மணிக்குள் ஏதேனும் சென்றிருந்தால் அந்த வேறுபாடே காட்டிவிடும்.

நீர் மாதிரி அப்படியன்று. இரும்பும் வெயிலும் சேர்ந்தால் மூவலு ஆசனிக் விரைவில் ஐவலுவாக மாறிவிடும். வீழும் இரும்பு அதைக் கரைசலிலிருந்தே அகற்றிவிடும். ஆகவே கிணற்றடியிலேயே 0.45 மைக்ரோமீற்றர் வடியூடாக ஊசிக்குழாயால் வடித்து, இரும்பைக் கட்டிவைக்க ஈடிடிஏ சேர்த்து, ஒளி புகாத போத்தல்களில் வாய்வரை நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தோம். இதற்கு மேலாக ஒரு பங்கு நீரை, எதிரயனை (மறையேற்றமுள்ள அயனை)ப் பற்றும் சிறு பொதியுறை ஒன்றினூடாக அங்கேயே செலுத்தினோம். நடுநிலையை அண்டிய பிஎச் இல் ஆசனைற்று மின்னேற்றமற்று இருப்பதால் அது பொதியுறையைக் கடந்துவிடும். ஆசனேற்று உள்ளே தங்கிவிடும். எந்தப் பெரிய கருவியும் இல்லாமல் கிணற்றுக்கட்டில் நின்றபடியே செய்யக்கூடிய இந்தப் பிரிப்பு, பின்னர் தொலைவிலிருந்து வந்த முடிவுகளைச் சரிபார்க்க எமக்குக் கிடைத்த ஒரே சுயாதீனச் சான்றாக அமைந்தது.

ஒப்பிடுவதற்காகச் சில போத்தல்களை ஈடிடிஏ சேர்க்காமலும் அனுப்பினோம்.

ஏன் மயிர்த்துளை மின்பெயர்ச்சி

உணவிலுள்ள அசேதன ஆசனிக்குக்கான ஐரோப்பிய நியம முறை 2016 இல் வெளியான இஎன் 16802 ஆகும். அது வடிவங்களைப் பிரிக்கும் எதிரயன் பரிமாற்ற நிரலையும், மூலகங்களை மிகச் சூடான பிளாசுமாவில் அயனாக்கித் திணிவால் இனங்காணும் பிளாசுமாத் திணிவு நிறமாலைமானியையும் இணைத்தது. கொள்வனவாளருக்குச் செல்லும் அறிக்கை அந்த முறையிலேயே அமைய வேண்டும் என்பதில் எமக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால் ஆலைக்காரரின் கேள்விக்கு விடை தேட, நான்கு வடிவங்களையும் ஒரே ஓட்டத்தில் தனித்தனியாகக் காண வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த எமது பழைய மாணவி ஒருவர், தம் ஆய்வுகூடத்திலுள்ள மயிர்த்துளை மின்பெயர்ச்சி இணைப்பில் இதைச் செய்ய முன்வந்தார். வன்னியில் பிறந்தவர் என்பதால் நெல்லைப் பற்றி அவருக்கு நாம் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த நுட்பத்தின் அடிப்படை எளியது. முடியளவு குறுகிய உட்டுளையுள்ள சிலிக்காக் குழாயின் இரு முனைகளுக்கிடையே 20 முதல் 30 கிலோவோற்று வரையான மின்னழுத்தம் கொடுக்கப்படுகிறது. காரத் தாங்கல் கரைசலில் குழாயின் சுவர் மறையேற்றம் பெறுவதால் கரைசல் முழுவதும் எதிர்மின்வாயை நோக்கி நகர்கிறது. மறையயன்கள் அதற்கு எதிராக நீந்தினாலும் அந்த ஓட்டம் அவற்றையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கிறது. மின்னேற்றம் கூடிய அயன் கூடுதலாகப் பின்னடையும். பிஎச் 9.4 அளவில் ஆசனைற்று ஓரளவே அயனாகும், ஏனெனில் அதன் பிகேஏ (பாதி அயனாகும் பிஎச்) 9.2; டைமெதில் வடிவம் ஓர் ஏற்றமும், மொனோமெதில் வடிவமும் ஆசனேற்றும் ஏறத்தாழ ஈரேற்றமும் கொண்டவை. எனவே இதே ஒழுங்கில் அவை வெளிவருகின்றன. 1981 இல் ஜோர்கென்சனும் லூகாக்சும் இம்முறைக்கு நவீன வடிவம் கொடுத்தார்கள். 1995 இல் ஒலெசிக்கும் உடனுழைத்தோரும் அதைப் பிளாசுமாவோடு இணைத்து, மூலக வடிவங்களை விரைவாகப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள்.

எமது கிணற்று நீரைப் பொறுத்தவரை இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஆசனிக்குக்கு உள்ள ஒரே உறுதியான சமதானி திணிவெண் 75 இல் இருக்கிறது. பிளாசுமாவின் ஆகனும் நீரிலுள்ள குளோரைட்டும் சேர்ந்து உருவாகும் துணிக்கையும் அதே 75 இல் வந்து ஆசனிக் போலத் தோன்றும். வன்னிக் கிணறுகள் பலவற்றில் உவர் அதிகம் என்பதை இங்குள்ள எவரும் அறிவர். குளோரைட்டு மிக வேகமாக எதிர்த்திசையில் நகரும் அயன் ஆதலால், இந்த ஒழுங்கமைப்பில் அது எல்லா ஆசனிக் வடிவங்களுக்கும் பின்தங்கி விடுகிறது. அதே துணிக்கையின் பாரமான வடிவம் தோன்றும் திணிவெண் 77 ஐயும் உடன் கண்காணித்ததில், ஆசனிக் உச்சிகளுக்கு (ஒவ்வொரு வடிவமும் வெளிவரும்போது பதிவில் எழும் மேடுகளுக்கு) கீழே குளோரைட்டு மறைந்திருக்கவில்லை என்பது தெளிவாயிற்று.

இணைப்பில் எழுந்த சிக்கல்கள்

நீரில் தயாரித்த, செறிவு தெரிந்த நியமக் கரைசல்கள் நான்கு தெளிவான உச்சிகளைத் தந்தன. எனினும் அவற்றின் வருகை நேரம் நாளுக்கு நாள் மாறியது. இங்கேதான் இந்த நுட்பத்தின் மிகக் கடினமான பகுதி இருக்கிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

75 மைக்ரோமீற்றர் உட்டுளையும் ஒரு மீற்றர் நீளமும் கொண்ட குழாய் முழுவதிலும் கொள்ளும் கரைசல் ஏறத்தாழ 4.4 மைக்ரோலீற்றர் மட்டுமே. அதிலிருந்து வெளிவரும் ஓட்டம் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலீற்றரையும் எட்டாது. திரவத்தை நுண்துளிகளாக்கிப் பிளாசுமாவுக்குள் அனுப்பும் வழமையான தெளிப்பானோ நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றரளவு திரவத்துக்கு அமைக்கப்பட்டது. அதனால் சில மைக்ரோலீற்றரில் இயங்கும் நுண்தெளிப்பான் ஒன்றைப் பொருத்தி, குழாயின் முனையைச் சூழ்ந்து நிரப்புக் கரைசல் ஒன்றையும் பாயவிட வேண்டும். அந்தக் கரைசலுக்கு இரட்டைப் பணி உண்டு: தெளிப்பானுக்குப் போதிய திரவம் கொடுப்பது ஒன்று, பிளற்றினம் கம்பி வழியாக மின்சுற்றை முழுமையாக்குவது மற்றொன்று. அது இல்லாவிட்டால் மின்னோட்டமே ஓடாது.

தெளிப்பானின் வாயு வேகமாகப் பாயும்போது அதன் நுனியில் அழுத்தம் குறைந்து, இளநீரில் குழல் வைத்து உறிஞ்சுவது போல மயிர்த்துளையின் உள்ளடக்கத்தை இழுக்கிறது. இழுப்பு ஏற்பட்டால் குழாயின் நடுவே கரைசல் விரைந்தும் சுவரோரம் தாமதித்தும் போகும். உச்சிகள் அகன்று ஒன்றோடொன்று கலக்கும். இதை உறுதி செய்ய மாணவி கையாண்ட சோதனை எளிதானது. மின்னழுத்தத்தைக் கொடுக்காமல் சீசியம் கலந்த கரைசலைச் சிறிது உட்செலுத்திக் காத்திருந்தார். மின்புலம் இல்லாதபோது எதுவும் வரக் கூடாது. ஆனால் சீசியம் வந்தது. அதன் பின்னர், மின்னழுத்தமின்றிச் சீசியம் வராத நிலையை எட்டும் வரை நிரப்புக் கரைசலின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். தெளிப்பு வாயுவைக் குறைப்பது இன்னும் எளிதாக இருந்திருக்கும், ஆனால் அது சமிக்ஞையையும் குறைத்திருக்கும் என்பதால் அந்த வழியைத் தவிர்த்தார். நிரப்புக் கரைசலில் ஜேர்மேனியத்தையும் மாதிரியில் சீசியத்தையும் சேர்த்து வைத்தபடியால், முன்னதைக் கொண்டு தெளிப்பின் நிலைத்தன்மையையும் பின்னதைக் கொண்டு உட்செலுத்திய கனவளவையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் தனித்தனியே பார்க்க முடிந்தது.

அரிசிச் சாறு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அரிசி மாவை 0.28 மோலார் நைத்திரிக்கமிலத்தில் 95 பாகை செல்சியசில் 90 நிமிடங்கள் வைத்துப் பிரித்தெடுப்பது நிரல் முறைக்குப் பழக்கமான வழி. ஆனால் அந்த அமிலச் சாறு மயிர்த்துளைக்குள் சென்றதும் நான்கு உச்சிகளும் ஒரே மேடாகச் சரிந்தன. சாற்றின் கடத்துதிறன் தாங்கல் கரைசலினதை விடப் பல மடங்கு கூடியது. அங்கே மின்புலம் மெலிய, அயன்கள் குவியாமல் பரவுகின்றன. நீர் சேர்த்து ஐதாக்கலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. கணக்குப் பார்த்தால் அது பொருந்தாது: கிலோகிராமுக்கு 0.2 மில்லிகிராம் ஆசனிக் உள்ள அரிசியில் ஒரு கிராமை 10 மில்லிலீற்றரில் எடுத்தால், உட்செலுத்தும் 20 நானோலீற்றருக்குள் எல்லா வடிவங்களும் சேர்ந்து 0.4 பிக்கோகிராம்தான் இருக்கும். அதை மேலும் பத்து மடங்கு ஐதாக்கினால் சிறு உச்சிகள் இரைச்சலுக்குள் மறைந்துவிடும்.

ஆகையால் அமிலத்தைக் கைவிட்டு, மாச்சத்தையும் புரதத்தையும் கரைக்கும் நொதியங்களைக் கொண்டு இளஞ்சூட்டில் பிரித்தெடுக்கத் தீர்மானிக்கப்பட்டது. சாற்றில் எஞ்சும் புரதத் துண்டுகள் குழாயின் சுவரில் ஒட்டுவதால், நுண்வடியூடாக வடித்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பின்னர் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டால் கழுவ வேண்டியிருந்தது. உட்செலுத்துவதற்கு மின்னழுத்தத்தைத் தவிர்த்து அழுத்தத்தையே பயன்படுத்தினார். மின்னழுத்தத்தால் செலுத்தினால் வேகமான அயன்கள் கூடுதலாகவும் மெதுவானவை குறைவாகவும் நுழைந்து விகிதமே பிழைத்துவிடும்.

முறை சரியா என்பதற்கு, அமெரிக்க நிறுவனமான நிஸ்ட் வெளியிடும் எஸ்ஆர்எம் 1568பி என்ற, அளவுகள் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு அரிசி மாவை அதே வழியில் ஓடவைத்தார். அதற்குச் சான்றளிக்கப்பட்ட பெறுமானங்கள் கிலோகிராமுக்கு மில்லிகிராமில் மொத்தம் 0.285, டைமெதில் வடிவம் 0.180, அசேதனம் 0.092, மொனோமெதில் வடிவம் 0.0116. பெரிய இரு பங்குகளும் சான்றளித்த வரம்புக்குள் வந்தன. மொனோமெதில் உச்சி தெரிந்தாலும் அளவிடும் எல்லைக்கு மிக அருகில் இருந்தது. அந்த ஒரு வடிவத்தை மட்டும் எமது முடிவுகளில் எண்ணாகக் கூறாமல் விட்டதற்கு அதுவே காரணம்.

முடிவுகள்

கிணற்று நீரில் முதலில் ஓடவைத்தது ஈடிடிஏ இல்லாத போத்தல். அதில் உச்சிகளின் கூட்டுத்தொகை மொத்த ஆசனிக்கை விட வெகுவாகக் குறைந்திருந்தது; ஆசனேற்று உச்சி ஏறக்குறைய இல்லை. ஈடிடிஏ சேர்த்த போத்தலில் கூட்டுத்தொகையும் மொத்தமும் பொருந்தின. ஆசனிக்கின் பெரும்பங்கு ஆசனைற்றாக இருந்தது. அதுவே கிணற்றடியில் பொதியுறையைக் கடந்து வந்த பங்கோடும் ஒத்துப்போனது. முதற் போத்தலில் பயணத்தின்போதே ஆசனிக்கின் ஒரு பகுதி இரும்போடு வீழ்ந்திருந்தது. எஞ்சிய இரும்பு காரத் தாங்கலுக்குள் நுழைந்ததும் அங்கும் வீழ்ந்து ஆசனேற்றைப் பற்றியது. அந்த ஒரு போத்தலை மட்டும் நம்பியிருந்தால், இந்தக் கிணற்றில் ஆசனிக் வெகு குறைவு என்றே எழுதியிருப்போம். மொத்த அளவைப் பொறுத்தவரை, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் லீற்றருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டிப் பெறுமானத்துக்குக் கீழேயே நீர் இருந்தது.

அரிசியில் மொத்த ஆசனிக்கின் ஏறத்தாழ அரைப்பங்கு டைமெதில் வடிவமாக இருந்தது. அசேதனப் பங்கு 0.25 என்ற எல்லைக்குத் தெளிவாகக் கீழே நின்றது. உச்சிகளை இனங்காண, ஒவ்வொரு நியமத்தையும் சாற்றுக்குள்ளேயே சேர்த்து எந்த உச்சி உயர்கிறது என்று பார்க்கப்பட்டது. சாற்றின் உப்புகள் வருகை நேரத்தை நகர்த்துவதால் நேரத்தை மட்டும் கொண்டு பெயரிடுவது நம்பத்தக்கதன்று. அவிக்காத அரிசிக்கும் அவித்த அரிசிக்கும் இடையே வடிவங்களின் விகிதத்திலோ அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தாழ்ந்த காணியின் நெல்லிலேயே டைமெதில் வடிவம் மிகக் கூடுதலாக இருந்தது. ஆலைக்காரரின் கேள்விக்கான விடை இதிலேயே இருந்தது: ஆசனிக் வந்த வழி வயல், தொட்டி அல்ல.

பின்னர் நிகழ்ந்தவை

மின்பெயர்ச்சி முடிவை நாம் கொள்வனவாளருக்கு அனுப்பவில்லை. அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வுகூடத்தில் நியம நிரல் முறையில் அதே தொகுதியைச் சோதிப்பிக்குமாறு ஆலைக்காரரிடம் கூறினோம். செலவு அவருக்குப் பாரமாகவே இருந்தது. அசேதன ஆசனிக்குக்கு அங்கு கிடைத்த பெறுமானம் எமதோடு பொருந்தியது. கொள்வனவாளர் ஒப்பீட்டைத் திருத்திக்கொண்டு அடுத்த தொகுதியை ஏற்றார். நிறுத்திவைத்த தொகுதியோ களஞ்சியத்தில் நெடுநாள் கிடந்து பழுதாகியிருந்தது. அந்த இழப்பை ஈடுசெய்ய எவரும் முன்வரவில்லை. ஆலைக்காரருக்கும், அவரிடம் நெல் கொடுத்துப் பணத்துக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கும் அது சிறிய இழப்பன்று. அறிக்கையில் ஒரு சொல்லைக் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு அது என்பது எனக்கு இன்றும் மனவருத்தம் தருகிறது.

தாழ்ந்த காணியில் வடிகால் வெட்டி, பயிர்க்காலத்தின் நடுவே ஒருமுறை நீரை வடித்துக் காயவிடலாம் என்று விவசாயிகளோடு பேசி முடிவாயிற்று. நீர் நிற்கும் காலம் குறைந்தால் ஆசனிக் பயிருக்குள் ஏறுவது குறையும்.

இனிச் செய்யும்போது மாற்ற வேண்டியவை

நீர் மாதிரி எதையும் ஈடிடிஏ இன்றி வடிவப் பகுப்புக்கு அனுப்புவதில்லை. பொதியுறைப் பிரிப்பை ஒப்பீட்டுக்காக மட்டுமன்றி எல்லாக் கிணறுகளிலும் வழமையாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் உச்சிகளின் கூட்டுத்தொகையையும் மொத்தச் செறிவையும் அருகருகே எழுத வேண்டும். இரண்டும் பொருந்தாத முடிவு முடிவாகாது. இணைப்பைப் பொறுத்தவரை, மின்னழுத்தமில்லாச் சோதனையை நாளின் தொடக்கத்தில் மட்டுமன்றி, தெளிப்பானைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் செய்வது நல்லது என்று மாணவி தம் குறிப்பில் எழுதியிருக்கிறார். மொனோமெதில் வடிவத்துக்கு எண் வேண்டுமானால் மாதிரியைக் குழாய்க்குள்ளேயே செறிவாக்கும் உத்தி ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

வயலைப் பற்றிய மாற்றம் இவற்றிலும் முக்கியமானது. மண்ணைக் காயவிடும்போது ஆசனிக் குறைந்தாலும், ஒட்சியேறிய மண்ணில் கட்மியம் என்ற நச்சு உலோகம் கரைந்து பயிருக்குள் ஏறுவது கூடும். ஆகவே வடிகால் வெட்டிய காணியிலிருந்து வரும் அடுத்த போக நெல்லில் ஆசனிக்கின் வடிவங்களோடு கட்மியத்தையும் அளப்பதாக அந்தக் காணிக்காரருக்கு உறுதி கொடுத்திருக்கிறோம். அவரும் அந்த நெல்லைத் தனிச் சாக்கில் கட்டி, காணியின் பெயரையும் நீர் வடித்த திகதியையும் எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.